கோல் அடிக்காதவன் ஹாக்கி ஆட்டக்காரன் இல்லையா?

போன மாசம் காரைக்குடியில என் கிளினிக்குக்கு ஒரு அப்பாவும் மகனும் வந்தாங்க. பையனுக்கு பதினாலு வயசு. பள்ளி ஹாக்கி அணியில ஆடுறான். ரெண்டு வாரமா இடுப்பு வலி.

(அவங்க அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

பரிசோதிச்சுப் பார்த்தேன். பயப்பட ஒண்ணுமில்ல. ஹாக்கி குனிஞ்சே ஆடுற விளையாட்டு. வயிறு, முதுகு, தொடையோட பின்பக்கத் தசைகளுக்குப் பலம் பத்தலன்னா பாரம் மொத்தமும் இடுப்புல இறங்கும். சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்து, ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னேன்.

கிளம்புற நேரத்துல அப்பா தயங்கி நின்னார்.

"டாக்டர், இன்னொரு விஷயம். இவன் மூணு வருஷமா ஆடுறான். இதுவரைக்கும் ஒரு கோல்கூட அடிச்சதில்ல. ஹாஃப்லயே நிக்க வச்சிருக்காங்க. இடுப்பு வலின்னு சொல்லி ஃபார்வர்டா மாத்தச் சொல்லி ஒரு லெட்டர் கொடுத்தீங்கன்னா நல்லா இருக்கும். இல்லேன்னா விட்டுட்டு டியூஷனுக்கு அனுப்பிடலாம்னு பார்க்குறேன்."

பையன் தரையையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

"தம்பி, போன மேட்ச்ல எதிரணிகிட்ட இருந்து எத்தனை தடவை பந்தைப் பறிச்சே?"

"எண்ணல சார்."

"வேற யாராவது எண்ணினாங்களா?"

"இல்ல சார்."

அந்த "இல்ல சார்" என்னை ரொம்ப யோசிக்க வச்சது. அதுதான் இந்த நீண்ட பதிவு. பொறுமையா படிங்க. ஹாக்கி தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரியே எழுதுறேன்.

முதல்ல, செட்டிநாட்டுக்காரன் ஹாக்கியைப் பத்திப் பேசலாமா?

தாராளமா பேசலாம். நம்ம பக்கத்துல ஹாக்கின்னா கோவில்பட்டியைத்தான் சொல்வாங்க. நியாயம்தான், அது ஹாக்கி மண். ஆனா செட்டிநாட்டுக்கும் இந்த விளையாட்டுல பங்கு இருக்கு.

செட்டிநாட்டு அரச குடும்பத்து எம்.ஏ.எம். ராமசாமியை நீங்க குதிரைப் பந்தயத்தோட சேர்த்துத்தான் கேள்விப்பட்டிருப்பீங்க. அவர் 1970களில் இந்திய ஹாக்கி கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தவர். சென்னையில நடக்குற எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பை, நாட்டின் பழைய ஹாக்கிப் போட்டிகளில் ஒன்று. அந்த முருகப்பா குடும்பத்தின் சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்துல இருக்குற பள்ளத்தூர். வள்ளல் அழகப்பர் காரைக்குடியில தொடங்கி வச்ச கல்லூரி வரிசையில உடற்கல்விக் கல்லூரியும் ஒண்ணு. இன்னைக்கு எத்தனையோ பள்ளிகள்ல விசில் ஊதிக்கிட்டு நிக்குற பி.டி. மாஸ்டர்கள் அங்கே படிச்சவங்க.

2025 கடைசியில ஜூனியர் உலகக் கோப்பை சென்னையோட மதுரையிலயும் நடந்தது. உலகக் கோப்பை ஹாக்கியை நம்ம ஊர்ல பஸ் ஏறி ரெண்டு மணி நேரத்துல போய்ப் பார்க்குற காலம் இது. அதனால பேசலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

"முழுமையான ஆட்டக்காரன்" யாரு?

டீக்கடையில இந்தப் பேச்சு வந்தா சண்டை உறுதி. ஒருத்தர் தன்ராஜ் பிள்ளைம்பார். புனே பக்கத்துல கட்கியில தமிழ்க் குடும்பத்துல பிறந்தவர். நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, நாலு ஆசிய விளையாட்டு ஆடியவர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கின அணியோட கேப்டன். பந்தை மட்டையில ஒட்டி வச்ச மாதிரி ஓடுவார். யார் மறுக்க முடியும்?

இன்னொருத்தர் வாசுதேவன் பாஸ்கரன்னு சொல்வார். சென்னைக்காரர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின அணியோட கேப்டன். உடனே முதல் ஆள் கேட்பார்: "அவர் எத்தனை கோல் அடிச்சார்?"

அந்த அப்பா கேட்டதும் இதே கேள்விதான்.

கனடாவுல, அமெரிக்காவுல ஆடுற பனி ஹாக்கியில இதுக்கு ஒரு பேரே இருக்கு: "டூ-வே பிளேயர்". ரெண்டு பக்கமும் ஆடுறவன். பந்து (அங்கே அது தட்டையான வட்டு) நம்மகிட்ட இருந்தா தாக்குவான், எதிரிகிட்ட போனா அடுத்த நொடியே தடுப்பான். அங்கேயும் கோல் அடிச்சவனுக்குத்தான் கைதட்டல். தடுக்குற வேலையையும் சேர்த்துச் செய்யுற முன்வரிசை ஆட்டக்காரன் கணக்குலயே வரலன்னு, அவனுக்காகவே 1978-ல் செல்கி கோப்பைன்னு ஒரு விருதைத் தொடங்கினாங்க. முதல் நாலு வருஷமும் அதை வாங்கினவர் பாப் கெய்னி. கோல் எண்ணிக்கையில அவர் முன்னணியில இருந்தவர் இல்ல. ஆனா அவர் இருந்த மான்ட்ரியல் அணி அந்தக் காலத்துல கோப்பைமேல கோப்பை வாங்குச்சு.

 நம்ம புல்வெளி ஹாக்கியில அந்த வேலை அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது. அதுக்கு நாம வச்ச பேர் "ஹாஃப்".

அஞ்சு, மூணு, ரெண்டு

பழைய ஹாக்கியில அணி நிக்குற முறை இதுதான்: முன்னால அஞ்சு ஃபார்வர்டு, நடுவுல மூணு ஹாஃப், பின்னால ரெண்டு ஃபுல் பேக், கடைசியில கோல்கீப்பர்.

இதுல அஞ்சு பேருக்குத் தாக்குறதுதான் முதல் வேலை. ரெண்டு பேருக்குத் தடுக்குறது. நடுவுல இருக்குற மூணு பேருக்குத்தான் ரெண்டும் வேலை. ஃபார்வர்டு முன்னேறினா பின்னாலயே போய் பந்து ஊட்டணும். பந்து பறிபோனா எல்லாருக்கும் முன்னாடி திரும்பி ஓடணும். எழுபது நிமிஷமும் இதே பாடு. அந்தக் காலத்துல வெளியே வந்து மூச்சு வாங்கிட்டுத் திரும்ப உள்ளே போற வசதியும் கிடையாது.

இப்போ ஒரு சின்னக் கேள்வி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் இறுதிப் போட்டி. நெதர்லாந்தை இந்தியா 6-1 என்று வென்றது. அதுல அஞ்சு கோல் பல்பீர் சிங். இது பலருக்குத் தெரியும். அந்த அணியில ஹாஃப் வரிசையில ஆடினது யாருன்னு கேட்டா?

ஒருத்தர் பேர் லெஸ்லி கிளாடியஸ். ரைட் ஹாஃப். 1948, 1952, 1956 மூணு ஒலிம்பிக்லயும் தங்கம், 1960-ல் கேப்டனாக வெள்ளி. மொத்தம் நாலு பதக்கம். இந்திய ஹாக்கியில இதே கணக்கு, மூணு தங்கம் ஒரு வெள்ளி, வச்சிருக்குற இன்னொருத்தர் உத்தம் சிங். அவர் ஃபார்வர்டு.

ஒருத்தர் கோல் அடிக்குற வரிசை, ஒருத்தர் பந்தைப் பறிக்குற வரிசை. கடைசியில பெட்டியில இருக்குற பதக்கம் ஒரே எடை. விளையாட்டு ரெண்டு பேருக்கும் ஒரே கூலியைத்தான் கொடுத்திருக்கு. ஞாபகம் வச்சுக்குறதுல பாகுபாடு பார்த்தது நாமதான்.

1975 கோலாலம்பூர் உலகக் கோப்பைக்கு வாங்க. இந்தியா வென்ற ஒரே உலகக் கோப்பை. கேப்டன் அஜித்பால் சிங். அவர் இடம் சென்டர் ஹாஃப், அதாவது மூணு பேர்ல நடு ஆள். தமிழ்நாட்டில் இருந்து வி.ஜே. பிலிப்ஸ் அந்த அணியில இருந்தார்.

அரையிறுதியில மலேசியா 2-1 என்று முன்னிலையில இருந்தது. ஆட்டம் முடிய சில நிமிஷமே பாக்கி. அப்போ மாற்று ஆளா உள்ளே வந்து பெனால்டி கார்னரை கோலாக்கினவர் அஸ்லம் ஷேர் கான். அவர் ஃபுல் பேக். கூடுதல் நேரத்துல ஜெயிச்சு இறுதிக்குப் போனோம். இறுதியில பாகிஸ்தான் முதல்ல கோல் போட்டுச்சு. சமன் பண்ணினவர் சுர்ஜித் சிங். அவரும் ஃபுல் பேக். அப்புறம் தியான் சந்த்தின் மகன் அசோக் குமார் வெற்றி கோல் அடிச்சார். 2-1.

அதாவது உயிர் போற நேரத்துல ரெண்டு தடவை நம்மைக் காப்பாத்தின கோல் பின்வரிசை ஆட்களோடது. "கோல் கணக்கை வச்சுத்தான் ஆளை எடை போடணும்"னு சொல்றவங்களுக்கு இந்த இடத்துலயே தராசு கோணலாயிடுது.

லெஃப்ட் ஹாஃபோட கஷ்டம்

பாஸ்கரன் ஆடின இடம் லெஃப்ட் ஹாஃப். இந்த இடத்தோட கஷ்டம் வெளியில இருந்து பார்க்குறவங்களுக்குத் தெரியாது. அதனால கொஞ்சம் விளக்குறேன்.

ஹாக்கி மட்டையில ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால மட்டும்தான் பந்தைத் தொடலாம். இடதுகை மட்டைன்னு ஒண்ணு இந்த விளையாட்டுல கிடையாது. அதனால எல்லாருக்கும் வலது பக்கம் பலம், இடது பக்கம் பலவீனம். இடது பக்கம் வர்ற பந்தைத் தொடணும்னா மட்டையைக் கவிழ்த்துத் திருப்பணும். "ரிவர்ஸ்"ன்னு சொல்வாங்க.

இப்போ எதிரணியோட ரைட் விங்கர் கோட்டோரமா ஓடி வர்றான். பந்து அவனோட வலது பக்கம், அவனுக்கு வசதியான பக்கம். அவனை எதிர்த்து நிக்குற லெஃப்ட் ஹாஃபுக்கு அது எந்தப் பக்கம்? இடது பக்கம். மட்டையைத் திருப்ப வேண்டிய பக்கம்.

அப்போ லெஃப்ட் ஹாஃப் என்ன செய்யணும்? ரெண்டே வழி. ஒண்ணு, ரிவர்ஸ்ல பறிக்கணும். தவறினா விங்கர் பறந்துடுவான். ரெண்டு, பந்து வர்றதுக்கு முன்னாடியே காலை நகர்த்தி, சரியான கோணத்துல போய் நின்னு, அவனுக்குப் போற பாஸையே குறுக்க வெட்டணும். ரெண்டாவதுதான் பெரிய ஆட்டம். அதுல சாகசம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பந்து தானா அவர் மட்டைக்கு வந்த மாதிரி இருக்கும்.

1980 ஒலிம்பிக். மாஸ்கோவில் ஸ்பெயினுக்கு எதிரான இறுதிப் போட்டி. 4-3 என்று வென்றோம். சுரிந்தர் சிங் சோதி ரெண்டு, கௌஷிக் ஒண்ணு, முகமது ஷாஹித் ஒண்ணு. கோல் பட்டியல்ல கேப்டன் பேர் இல்ல. ஸ்பெயின் தரப்புல அமாத் மூணு கோல் போட்டு நம்மைக் கடைசி வரைக்கும் விரட்டினார். அந்த ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணிச்சதால ஆறே அணிகள்தான் ஆடின. அதையும் சொல்லணும், மறைக்கக் கூடாது. ஆனாலும் அது இந்தியாவின் எட்டாவது ஒலிம்பிக் ஹாக்கி தங்கம். இன்னைக்கு வரைக்கும் ஒன்பதாவது வரல.

நடக்காத கோலுக்குக் கைதட்டல் கிடையாது

ஒரு டாக்டரா எனக்கு இது நல்லாவே புரியுது.

நெஞ்சுவலியோட வந்தவரைக் காப்பாத்தினா குடும்பமே கையெடுத்துக் கும்பிடும். பொங்கலுக்குக் கரும்பு வரும், தேன்குழல் வரும். அதே ஆளுக்கு இருபது வருஷமா ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்பாட்டுல வச்சு, நெஞ்சுவலியே வராம பார்த்துக்கிட்டா? "இந்த டாக்டர் எப்பப் பார்த்தாலும் அதே மாத்திரையைத்தான் எழுதுறார்"ம்பாங்க.

வராத மாரடைப்புக்கு யாரும் நன்றி சொல்றதில்ல. நடக்காத கோலுக்கும் அப்படித்தான்.

ஆனா வைத்தியமும் சரி, ஹாக்கியும் சரி, பாதி ஜெயிக்கிறது நடக்காத விஷயங்களாலதான்.

தரை மாறிச்சு, ஆட்டமும் மாறிச்சு

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ல முதல் தடவையா ஹாக்கி செயற்கைப் புல்தரையில நடந்தது. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான் உலகக் கோப்பையை வாங்கின இந்தியா ஏழாவது இடம். தங்கம் நியூசிலாந்துக்கு.

தோல்விக்குத் தரை மட்டும் காரணம்னு சொல்லிட முடியாது. மாஸ்கோவில் தங்கம் வாங்கினதும் செயற்கைத் தரையிலதான். ஆனா ஆட்டத்தோட தன்மை மாறிடுச்சுங்கிறது உண்மை. புல்தரையில பந்து துள்ளும், வேகம் குறையும். அடக்கி, ஏமாத்தி, வளைச்சு ஆட நேரம் கிடைக்கும். டர்ஃப்ல பந்து வழுக்கிக்கிட்டுப் பறக்கும். பந்து போன வேகத்துல ஆளும் போகணும்.

அப்புறம் விதிகளும் மாறின. 1990களில் ஆளை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கலாம்னு வந்தது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில ஆஃப்சைடு விதியை எடுத்துட்டாங்க. எதிரணி ஃபார்வர்டு நம்ம கோல் பக்கத்துலயே போய் நிக்கலாம். அவனைப் பார்த்துக்க நம்ம பின்வரிசை ஆள் அங்கேயே நிக்கணும். அதனால ரெண்டு அணிக்கும் நடுவுல மைதானம் அகலமா திறந்துக்கிச்சு. அந்த இடத்தை யார் நிரப்புறது? ரெண்டு பக்கமும் ஓடத் தெரிஞ்சவன்தான். பிறகு எழுபது நிமிஷ ஆட்டம் பதினஞ்சு நிமிஷமா நாலு பகுதியாச்சு. 2016 ரியோ ஒலிம்பிக்ல அப்படித்தான் ஆடினாங்க.

இதோட பலன் என்ன தெரியுமா? முன்னாடி மூணு ஹாஃப் செஞ்ச வேலையை இப்போ பத்துப் பேரும் செய்யணும். ஃபார்வர்டுதான் முதல் தடுப்பாளன். ஃபுல் பேக்தான் முதல் தாக்குதலைத் தொடங்குறவன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. பிரிட்டனுக்கு எதிரா 17-வது நிமிஷத்துல அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி நாற்பது நிமிஷத்துக்கு மேல இந்தியா பத்துப் பேரோட ஆடிச்சு. ஃபார்வர்டுகள் நம்ம டி வட்டம் வரைக்கும் இறங்கி வந்து தடுத்தாங்க. நடுவரிசை பின்வரிசையாச்சு. 1-1 என்று முடிஞ்சு, ஷூட்-அவுட்ல 4-2 என்று ஜெயிச்சோம். அந்த ஆட்டத்தை முழுசா ஒரு தடவை பாருங்க. "எனக்கு இந்த வேலை மட்டும்தான் தெரியும்"னு சொல்ற ஒரே ஒரு ஆள் அங்கே இருந்திருந்தா, அந்த அணி பதக்கத்தோட ஊர் திரும்பியிருக்காது.

உடம்பு என்ன சொல்லுது?

இங்கே என் தொழில் பாஷையில கொஞ்சம்.

முழு வேகத்துல சில நொடி ஓடும்போது தசை பயன்படுத்துற எரிபொருள் பாஸ்போகிரியாட்டின். பத்து நொடிக்குள்ள பெரும்பகுதி காலியாகும். ஓட்டத்தை நிறுத்தினா அரை நிமிஷத்துல சுமார் பாதி திரும்ப நிரம்பும். முழுசா நிரம்ப சில நிமிஷம் ஆகும். அதை நிரப்ப ஆக்சிஜன் வேணும்.

ஒரு வழி மட்டும் ஆடுறவன் ஒரு ஓட்டம் ஓடிட்டு நின்னு மூச்சு வாங்கலாம். ரெண்டு வழியும் ஆடுறவன் முன்னால ஓடின அடுத்த நொடியே பின்னால ஓடணும். அரைகுறையா நிரம்பின டேங்கோட. அதனால அவனுக்கு வேகம் மட்டும் பத்தாது. வேகம் போன பிறகு சீக்கிரம் மீளுற நெஞ்சும் நுரையீரலும் வேணும். நிதானமான நீண்ட ஓட்டமும் வேணும், குறைஞ்ச இடைவெளியில திரும்பத் திரும்ப வேக ஓட்டமும் வேணும்.

களைப்பு முதல்ல எங்கே தெரியும்? காலில் இல்ல, குனியறதுல. களைச்சவன் நிமிர்ந்துடுவான். மட்டை தரையை விட்டு மேலே வரும். காலை நகர்த்தாம கையை மட்டும் நீட்டுவான். மட்டை பந்துல படாம எதிராளி காலில் படும். பச்சை அட்டைன்னா ரெண்டு நிமிஷம் வெளியே. மஞ்சள்னா குறைஞ்சது அஞ்சு நிமிஷம். அவன் செஞ்ச தப்புக்கு மீதிப் பத்துப் பேர் ஓடணும்.

அந்தப் பையனோட இடுப்பு வலியும் இதே இடத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. பெற்றோருக்கு ஒரு குறிப்பு: வளர்ற வயசுப் பிள்ளைகளுக்கு மூணு வாரத்துக்கு மேல நீடிக்குற வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குற வலி, கால் மரத்துப் போறது இருந்தா தைலம் தேய்ச்சுக்கிட்டு உட்காராதீங்க. முதுகெலும்புல நுண்ணிய முறிவு இருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டுங்க.

அப்போ கோல் அடிக்குற டிஃபெண்டர் முழுமையானவனா?

இது நியாயமான கேள்வி. பாரிஸ்ல அதிக கோல் அடிச்சது யாரு? அப்போ நம்ம கேப்டனா இருந்த ஹர்மன்பிரீத் சிங். பத்து கோல். அவர் பின்வரிசை ஆட்டக்காரர்.

அப்போ அவர்தான் ரெண்டு பக்கமும் ஆடுறவரா? அவசரப்படாதீங்க. அவரோட கோல்கள் பெனால்டி கார்னர்லயும் பெனால்டி ஸ்ட்ரோக்லயும் வந்தவை. அது ஒரு தனி வித்தை, அபூர்வமான வித்தை. ஆனா நான் பேசுற ரெண்டு வழி ஆட்டம் வேற. ஓடுற ஆட்டத்துல, ஒரு நிலையில இருந்து இன்னொரு நிலைக்கு உடனே மாறத் தெரியணும். கோல் எண்ணிக்கை டிஃபெண்டரை ஃபார்வர்டு மாதிரி காட்டும். ஹாஃபை ஒண்ணுமே செய்யாதவன் மாதிரி காட்டும். ரெண்டுமே பாதி உண்மை.

அதே நேரம், எல்லாரும் எல்லாத்தையும் சமமா செய்யணும்னும் நான் சொல்லல. அப்படிச் சொன்னா தன்ராஜ் மாதிரி ஆளைப் பின்னால நிக்க வச்சு வீணடிச்சுடுவோம். கல்யாண வீட்டுல ஆச்சி பலகாரத்துக்குப் பேர் போனவங்கன்னா அவங்களைப் போய் பந்தியில தண்ணி ஊத்தச் சொல்ல மாட்டோம். ஆனா பந்தியில தண்ணி இல்லன்னு கண்ணுல பட்டா, "அது என் வேலை இல்ல"ன்னு ஆச்சியும் சொல்ல மாட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

முழுமைன்னா ரெண்டு பக்கமும் சமமான திறமை இல்ல. ரெண்டு பக்கமும் என் பொறுப்புங்கிற நினைப்பு. திறமை ஒரு பக்கம் கூடக் குறைய இருக்கலாம். பொறுப்பு குறையக் கூடாது.

அடுத்த தடவை மைதானத்துக்குப் போனா இதைப் பாருங்க

உங்க பிள்ளையோ, தெருப் பிள்ளையோ ஆடும்போது ஸ்கோரை விட்டுட்டு இந்த அஞ்சையும் பாருங்க:

1. பந்து பறிபோன அடுத்த அஞ்சு நொடி என்ன செய்யுறான்? கையை விரிச்சு வருத்தப்படுறானா, திரும்பி ஓடுறானா?

2. பந்து தன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி தலையைத் திருப்பிச் சுத்திப் பார்க்குறானா? பார்க்குறவனுக்குப் பந்து வந்தபிறகு யோசிக்க வேண்டியதில்ல.

3. பறிச்ச பந்து எங்கே போகுது? பறிக்குறது பாதி வேலை. நம்ம ஆள் மட்டைக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் முழு வேலை.

4. நம்ம டி வட்டத்துக்குள்ள பொறுமையா இருக்கானா? அங்கே அவசரப்பட்டு ஃபவுல் பண்ணா எதிரணிக்கு பெனால்டி கார்னர்.

5. கடைசிப் பத்து நிமிஷம் மட்டை தரையில இருக்கா, தோள்ல இருக்கா?

இந்த அஞ்சுக்கும் பதில் நல்லபடியா வந்தா, அவன் ஒரு கோல்கூட அடிக்கலன்னாலும் நல்ல ஆட்டக்காரன். பத்து கோல் அடிச்சும் அஞ்சுலயும் தவறினா, இன்னும் பாதி ஆட்டக்காரன்தான். கத்துக்க இடம் இருக்கு.

தேர்வாளர்களுக்கும் பி.டி. மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செலக்‌ஷன்ல யார் கோல் அடிச்சாங்கன்னு மட்டும் குறிச்சுக்கிட்டா, ஊர் ஊரா நல்ல ஹாஃப்களைத் தொலைச்சுக்கிட்டே இருப்போம். பன்னெண்டு, பதினாலு வயசுல ஒரு பையன் ஆட்டத்தை விடுறது எப்பவும் தோத்ததால இல்ல. தன்னை யாரும் கவனிக்கலன்னு நினைக்குறதாலயும் இருக்கலாம். கையில ஒரு நோட்டு, பேனா போதும். ஒரு பக்கத்துல கோல், இன்னொரு பக்கத்துல பறிச்ச பந்து. செலவு இருபது ரூபா.

சரி, அந்த அப்பாகிட்ட என்ன சொன்னேன்?

லெட்டர் கொடுக்கல. பதிலுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "அண்ணே, அடுத்த மேட்சுக்கு நீங்களே போங்க. கோலை எண்ணாதீங்க. உங்க மகன் எத்தனை தடவை பந்தைப் பறிக்கிறான், அது எங்கே போகுதுன்னு மட்டும் எண்ணிட்டு வந்து சொல்லுங்க. அப்புறமும் விடணும்னு தோணினா விட்டுடுங்க." பாஸ்கரன் கதையையும் சொன்னேன். பையன் அப்போதான் முதல் தடவையா நிமிர்ந்து பார்த்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு வாட்ஸ்அப்ல செய்தி வந்தது.

"டாக்டர், இன்னைக்குப் பதினொண்ணு. அதுல நாலை எதிரணிக்கே திருப்பிக் கொடுத்துட்டான். மீதி ஏழு நம்ம பசங்களுக்குப் போச்சு. மேட்ச் 1-0 ஜெயிச்சோம். அந்த கோல் போட்ட பையனுக்குப் பந்து எங்கே இருந்து வந்துச்சுன்னு நான் பார்த்தேன்."

இடுப்பு வலியும் குறைஞ்சிருக்காம். டியூஷன் பேச்சு இப்போதைக்கு இல்ல.

உங்க ஊர் மைதானத்துலயும் கோல் கணக்குல வராத ஒருத்தன் கட்டாயம் இருப்பான். அடுத்த தடவை போனா அவன் பேரைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. கமெண்ட்ல அவன் ஆட்டத்தைப் பத்தி எழுதுங்க.